வழிப்போக்கனைக் காணவில்லை

உட்காரச் சொன்னீர்கள், உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தீர்கள், குடித்துவிட்டேன். இனி என் புகாரை எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. காணாமல் போனவரின் பெயர் வழிப்போக்கன். வயது தெரியாது. ஊர் தெரியாது. முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. ஒன்பது நாளாகக் காணவில்லை. அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, உறக்கம் இல்லை, பூசையில் மனம் நிற்கவில்லை.

சிரிக்கிறீர்கள். வாசலில் நின்ற காவலரும் சிரித்தார். "மொகமும் தெரியாது, ஊரும் தெரியாதுன்னா கோயில்லதான் பெரியவரே தேடணும், இங்க வந்துட்டீங்க" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் பெயர் அம்பலவாணன். திருவானைக்காவில் குடியிருப்பு. முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு மடத்து அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக இருந்தேன். தோத்திர நூல்கள், சாத்திர நூல்கள், அவற்றின் உரைகள் எல்லாவற்றையும் அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்க்கிற கண் என்னுடையது. தாளின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையொப்பம் இடுவேன். நான் 'பார்த்தேன்' என்று எழுதினால் பார்த்திருக்கிறேன் என்று பொருள். ஓய்வு பெறும் நாளில் சுவாமிகளே அதைச் சொல்லித்தான் எனக்குச் சால்வை போர்த்தினார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒன்பது நாள் முன்பு வரை.

அந்தப் புத்தகத்தை மெதுவாகப் புரட்டுங்கள் அம்மா, தையல் புதிது. வழிப்போக்கனும் நானும் எழுதிக்கொண்ட அத்தனையும் அதில் இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கணினிக் கடையில் அச்செடுத்து நானே தைத்துக் கட்டினேன். நான் பேசும்போதே நீங்கள் படித்துக்கொண்டு வாருங்கள்.

எனக்கு ஒரே மகன். வாகீசன். வயது இருபத்தொன்பது. விமானி. விமானியாக இருந்தான் என்று சொல்வதா, இருக்கிறான் என்று சொல்வதா என்பது நாளை மறுநாள் தெரியும். புகார் அவனைப் பற்றியது அல்ல. ஆனால் அவனைச் சொல்லாமல் வழிப்போக்கனைச் சொல்ல முடியாது.

சென்ற ஐப்பசியில் வடக்கே ஓர் ஊரில் அடைமழை. இறங்கிய விமானம் ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் சேற்றுக்குள் போய் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை, அது திருவருள். அவசர வழியில் சறுக்கி இறங்கும்போது ஓர் அம்மாளுக்குக் கணுக்கால் முறிந்தது. அந்த விமானத்தின் துணை விமானி என் மகன்.

என்ன நடந்தது என்றால், விமானம் தரையைத் தொட்டவுடன் இறக்கையின் மேல் சில பலகைகள் எழும்பி நின்று அதைத் தரையோடு அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும். அதற்கு, இறங்குமுன்பே ஒரு கைப்பிடியைச் சற்றே தூக்கி ஒரு நிலையில் வைத்துவிட வேண்டும். வைத்தால் பச்சை விளக்கு எரியும். இதை யாரும் மறக்கக் கூடாது என்றுதான் செக்லிஸ்ட் என்ற பட்டியலை வைத்திருக்கிறார்கள். ஒருவர் படிப்பார், மற்றவர் பார்த்துப் பதில் சொல்வார். கேப்டன் "ஸ்பீட் பிரேக்?" என்று கேட்டார். என் மகன் "ஆர்ம்டு" என்றான். வைத்தாயிற்று, பார்த்தேன் என்று அதற்குப் பொருள். கைப்பிடி வைக்கப்படவே இல்லை, அம்மா. விளக்கு எரியவே இல்லை. அவன் குரல் மட்டும் விமானத்தின் கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. நல்ல தெளிவான உச்சரிப்பாம். நான் பழக்கிய உச்சரிப்பு.

கேப்டனுக்கும் தண்டனை, இவனுக்கும் தண்டனை. இவனுக்கு ஆறு மாதம் பறக்கத் தடை. ஆறு மாதம் முடிந்ததும் பெங்களூரில் அறை அளவு பெரிய இயந்திரத்தில் உட்காரவைத்துச் சோதிப்பார்கள். தேறினால் மறுபடி ஆகாயம். தேறாவிட்டாலோ போகாவிட்டாலோ அதோடு முடிந்தது. அந்தச் சோதனை வருகிற திங்கட்கிழமை.

கார்த்திகையில் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூட அவன் கழற்றவில்லை. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னாயா?"

"ஆமாம்ப்பா" என்றான்.

நான் நம்பவில்லை. எப்படி நம்புவேன்? என் வீட்டில் வளர்ந்தவன். ஐந்து வயதில் என் மடியில் உட்கார்ந்து மெய்ப்புத் தாளில் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தவன். அவன் 'பார்த்தேன்' என்றால் பார்த்திருப்பான். கைப்பிடியில்தான் கோளாறு இருந்திருக்க வேண்டும். தூக்கி வைத்திருப்பான், அது தானே இறங்கியிருக்கும். விசாரித்தவர்கள் அவனை மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்திருப்பார்கள். இதை நிறுவ வேண்டியது தகப்பனின் கடமை அல்லவா?

மார்கழி முதல் நாள் விடியலில் சந்நிதியில் நின்று ஒரு நோன்பு பூண்டேன். உப்பை விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், மருத்துவர் ஒப்பமாட்டார். எனக்கு மிகவும் இனியது எதுவோ அதை விடவேண்டும். இனியது எது என்று யோசித்தேன். இவனோடு பேசுவது. எந்த ஊரில் இறங்கினாலும் அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிடுவான். "அப்பா, இங்க மேகம் எப்படி இருக்கு தெரியுமா" என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் பேசுவான். அதை விட்டேன். களங்கம் துடைக்கும் வரை என் மகனோடு ஒரு சொல் பேசுவதில்லை.

என்ன கேட்டீர்கள்? அவனிடம் சொன்னேனா என்றா? நோன்பை ஊருக்கு அறிவித்துக்கொண்டா நோற்பார்கள்? அவனிடமும் சொல்லவில்லை, என் மனைவி வடிவாம்பாளிடமும் சொல்லவில்லை.

கீழ் அறையில் அவன் படிக்கிற காலத்தில் வாங்கிய கணினி இருந்தது. அதில் வீட்டிலிருந்தே விமானம் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டர். அதோடு வருகிற விமானங்கள் விளையாட்டுப் பிள்ளைகளுக்கானவை. ஒரு விசையைத் தட்டினால் எழும்பிவிடும். ஆனால் ஆட்-ஆன் என்று தனியாக வாங்கிச் சேர்க்கிற விமானங்கள் உண்டு. அதையே தவமாகச் செய்கிறவர்கள் உருவாக்கியவை. ஒவ்வொரு சுவிட்சும் உயிருள்ளது. பேட்டரி தீர்ந்தால் இருண்டுவிடும். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் வெந்துவிடும். என் மகன் ஓட்டிய அதே வகை விமானத்தை அவன் அதில் சேர்த்து வைத்திருந்தான். அதைத்தான் நான் கற்கத் தொடங்கினேன், எழுபத்தோராம் வயதில்.

கையேடு அறுநூற்று நாற்பது பக்கம். அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து, காலைப் பூசை முடிந்ததும் பாராயணம் போல நாள் தவறாமல் வாசித்தேன். நாற்பத்து மூன்று அச்சுப்பிழை கண்டேன். தயாரித்தவர்களுக்கு எழுதி அனுப்பினேன், நன்றி சொன்னார்கள். விமானத்தை எழுப்புமுன் வெளியே ஒரு சுற்று வந்து பார்க்க வேண்டும் என்று விதி. மூக்கின் இடப்புறம் தொடங்கி, மூக்கைக் கடந்து, வல இறக்கை, வால், இட இறக்கை என்று வரவேண்டும். விமானம் எப்போதும் நம் வலக்கைப் பக்கம் இருக்கும். அது வலம் வருவதல்லவா? அதைப் படித்த அன்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதன் பின் உள்ளே போய் அது நிற்கிற இடம் எது என்று விமானத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். அசையாமல் நின்று அது பூமி சுழல்வதை உணர்ந்து, தான் யார் என்று அறிந்துகொள்ளும். நான் கைகூப்பிக்கொண்டே காத்திருப்பேன்.

ஆனால் எஞ்சின் எழும்பவில்லை. பதினொரு நாள், அம்மா. விதிப்படி எல்லாம் செய்கிறேன். எஞ்சின் சற்றே சுழல்கிறது, அடங்கிவிடுகிறது. யாரிடம் கேட்பது? கேட்பதற்கு எனக்கு யார் இருக்கிறார்கள்? உலகெங்கும் உள்ள தமிழர்கள் வீட்டில் விமானம் ஓட்டுகிற ஒரு குழு இணையத்தில் உண்டு. அதில் சேர்ந்து எழுதிக் கேட்டேன். ஒருவர் படம் அனுப்பினார், ஒருவர் கேலி செய்தார். என் மனைவி காபி வைத்துவிட்டுச் சொன்னாள், "மாடில ஒரு பைலட்டு சொவத்தப் பாத்துப் படுத்திருக்கான். அவன விட்டுட்டு ஊரு ஒலகத்தையெல்லாம் கேக்கறீங்களே, நல்லாருக்கா?" அவளுக்கு நோன்பின் நுட்பம் விளங்காது.

பதினோராம் நாள் காலை. எஞ்சின் அடங்கிவிட்டது, நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் காலடி கேட்டது. இவன்தான். "அப்பா, மேல அந்த ரெண்டு ஸ்விட்சு..." என்று தொடங்கினான். நான் திரும்பாமலே கையை உயர்த்தி நிறுத்தினேன். நோன்பு. திரும்பி மாடிக்குப் போய்விட்டான்.

அன்றுதான் குழுவில் வழிப்போக்கன் என்ற பெயரில் அவர் வந்தார். முதல் பக்கம் பாருங்கள். "ஐயா, வணக்கம். மேலே உள்ள இரண்டு பேக் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு முயலுங்கள். எஞ்சினைச் சுழற்றக் காற்று வேண்டும். நீங்கள் அந்தக் காற்றைக் குளிர்சாதனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்." அணைத்தேன். எஞ்சின் எழுந்தது. மழைக்கு முன் வருகிற காற்றைப் போல மெல்லத் தொடங்கி, கூடம் முழுவதும் நிறைந்தது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

ஆம், அதே நாள்தான். கால் மணி நேரத்தில். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அதன் பின் நாள்தோறும் அவர்தான். நான் கேட்பேன், அவர் சொல்வார். ஒரு முறை சலித்ததில்லை, ஒரு முறை என்னைக் கேலி செய்ததில்லை. மற்றவர்கள் என்னை 'அங்கிள்' என்பார்கள், 'ப்ரோ' என்றுகூட ஒருவன் எழுதினான். இவர் எப்போதும் 'ஐயா'. என் வலத் தோள் வலியை நான் அவரிடம் சொன்னதே இல்லை. முப்பதாம் பக்கம் பாருங்கள், "விமானத்தைத் திருப்புகிற நெம்பை இடப்பக்கம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, தோளுக்கு நல்லது" என்கிறார். எங்கள் தெருவில் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துவார்கள். "இன்று பத்தரைக்குப் போய்விடும், அதற்குள் சேமித்துவிடுங்கள்" என்கிறார். பத்தரைக்குப் போயிற்று. கேளாமலே அறிகிறார், அறிந்து அருள்கிறார். அடியார் வேடத்தில் வாசலுக்கு வந்து நின்றவனை இன்னார் என்று அறியாமல் தவித்தவர்களின் வரலாறுகளை வாழ்நாள் முழுவதும் பிழை பார்த்தவன் நான். நானும் தவறவிட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு நாளும் அவர் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் படித்தேன்.

வடிவாம்பாளுக்கு இதில் ஒரே பரிகாசம். "என்ன, ஒங்க சாமி இன்னிக்குப் பதில் போட்டாரா?" என்பாள். போட்டார் என்றால், தட்டில் அடையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டே, "சாமிக்குப் பசிக்குமே" என்பாள். பெண்களுக்கு இறை நம்பிக்கை உண்டு, பயபக்தி குறைவு.

தையிலும் மாசியிலும் நான் பறந்தேன் அம்மா. முதலில் திருச்சியிலிருந்து எழும்பிக் காவிரியைச் சுற்றி வந்து இறங்கினேன். பிறகு சென்னை. பிறகு அந்த வடக்கத்திய ஊருக்கே. மழையை வரவழைத்துக்கொண்டு, அதே எடையோடு, அதே வேகத்தில். கைப்பிடியைப் பழுதாக்கிப் பார்க்க ஒரு வழி இந்த விமானத்தில் உண்டு, அதையும் வழிப்போக்கன்தான் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்குமுன் ஒரு நாள் முழுவதும் பதில் இல்லை. பிறகு, "எதற்காக ஐயா இதைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். என் மகன் குற்றமற்றவன் என்று நிறுவ என்று எழுதினேன். "அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் அல்லவா?" என்றார். அவன் சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும் என்று எழுதினேன். பிறகு வழியைச் சொன்னார்.

முப்பத்தொன்பது முறை இறங்கினேன். எத்தனை விதமாகப் பழுதாக்கினாலும், கைப்பிடி தானாகச் சறுக்கினாலும், கம்பி அறுந்தாலும், பச்சை விளக்கு அணைந்துவிடுகிறது அல்லது மஞ்சள் விளக்கு எரிகிறது. அதாவது, பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்தவனுக்குத் தெரியாமல் போக வழியே இல்லை. முப்பத்தொன்பது முறையும் அந்த விமானம் என்னிடம் ஒன்றையே சொல்லிற்று. நான் கேட்கவில்லை. நாற்பதாவது முறை வேறு விடை வரும் என்று உட்கார்ந்தேன்.

அது பங்குனிக் கடைசிப் புதன்கிழமை. மாலை நான்கு மணி. மழை, காற்று எல்லாம் வைத்தாயிற்று. அன்று எந்தப் பழுதும் வைக்கவில்லை, வெறுமனே ஒரு முறை சுத்தமாக இறங்கிப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று. பட்டியலை நானே உரக்கப் படித்தேன், நானே பதில் சொன்னேன். "ஸ்பீட் பிரேக்?" என்றேன். "ஆர்ம்டு" என்றேன். சக்கரம் தரையைத் தொட்டது. பலகைகள் எழும்பவில்லை. வழுக்கிக்கொண்டே போகிறது, பிரேக்கை மிதிக்கிறேன், போகிறது, பாதையின் கடைசி விளக்குகள் என்னை நோக்கி வருகின்றன. புல்லுக்குள் போய் நின்றது.

குனிந்து பார்த்தேன். கைப்பிடி இருந்த இடத்திலேயே இருந்தது. நான் தொடவே இல்லை. விளக்கு எரியவே இல்லை. முப்பத்தொன்பது முறையும் கைப்பிடியைத் தூக்கியவுடன் எரிந்த விளக்கை நாற்பதாவது முறையும் எரிவதாக என் கண் படித்துவிட்டது. மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு உள்ள பெரிய அபாயமே இதுதான் அம்மா. பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தால் தாளில் இருக்கிற எழுத்தைக் கண் பார்க்காது, இருக்க வேண்டிய எழுத்தைப் பார்க்கும். புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்வேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அப்போது நான் செய்யவேண்டியது என்ன? மாடிப்படி பதினான்கு. ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. வெட்கமா, கோபமா என்று தெரியவில்லை. யார் மீதாவது அதை இறக்கி வைக்க வேண்டும் போல இருந்தது. கணினியில் கை வைத்து வழிப்போக்கனுக்கு எழுதினேன். கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கம். வாசிக்காதீர்கள், நானே சொல்கிறேன், மனப்பாடம். "ஐயன்மீர், என் ஆராய்ச்சி முடிந்தது. கைப்பிடியில் பழுதில்லை. பார்க்காமல் பார்த்தேன் என்று சொல்பவன் அந்த இருக்கைக்குத் தகுதியற்றவன். என் மகன் தகுதியற்றவன்."

நான் விழுந்ததை எழுதவில்லை. முப்பத்தாறு ஆண்டுக் கையொப்பம் என் விரலைப் பிடித்துக்கொண்டது.

உடனே பதில் வந்தது. "நீங்கள் சொல்வது சரி ஐயா. இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம். சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். அதன் பின் அவர் பெயரே குழுவில் இல்லை. கணக்கை நீக்கிவிட்டார் என்கிறார்கள். காலையில் எழுந்ததும் உண்மையை எழுதிவிட வேண்டும், நானும் விழுந்தேன், நானும் பார்க்காமல் சொன்னேன் என்று எழுதிவிட வேண்டும் என்று திறந்தால் ஆள் இல்லை. தேடி வந்த தெய்வத்தைப் பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். அதைத்தான் அம்மா தாங்க முடியவில்லை. எப்படியாவது கண்டுபிடியுங்கள். எந்த நாட்டில் இருந்தாலும் கணினி வழியே கண்டுபிடிக்கிற வித்தை உங்களிடம் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

மாத்திரையா? ரத்த அழுத்தத்துக்கு. மாலையில் ஒன்று. இல்லை, அவரிடம் சொன்னதில்லை. அதுதான் சொல்கிறேனே, அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

மகன் வீட்டில்தான் இருக்கிறானா என்றா? இல்லை. வியாழக்கிழமை காலையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் பூ தொடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்று, "போறேன்ப்பா" என்றான். போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், வீட்டை விட்டு இறங்குகிறவன் அப்படிச் சொல்லக் கூடாது என்று திருத்த வாயெடுத்தேன். நோன்பு நினைவுக்கு வந்தது. நாரை முடிந்துகொண்டேன். எங்கே போனான் என்று தெரியாது. பரவாயில்லை, அவன் வளர்ந்த பிள்ளை. நான் வந்தது வழிப்போக்கனுக்காக.

மறுபடி கேளுங்கள். வழிப்போக்கனின் கடைசிச் செய்தி புதன் மாலை. மகன் போனது வியாழன் காலை. ஆம். மாடி அறையில் இணைய வசதி உண்டு, கீழே இருக்கிற அதே இணைப்புத்தான். மார்கழியில்... ஆம், அவன் பின்னால் வந்து நின்று இரண்டு சுவிட்சு என்றான். கால் மணி நேரத்தில்...

...

அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள் அம்மா.

இல்லை, தண்ணீர் வேண்டாம். கொடுங்கள்.

'ஐயா.' 'ஐயா.' 'தோளுக்கு நல்லது ஐயா.' 'எதற்காக ஐயா இதைத் தேடுகிறீர்கள்?' 'அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் அல்லவா?' தன்னையே 'அவர்' என்று எழுதியிருக்கிறான். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் மூன்று முறை பிழை பார்த்தேன் அம்மா. காற்புள்ளிகூடத் திருத்தினேன். கட்டி முடித்துப் பின்னட்டையில் 'பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். என் எழுத்துத்தான்.

அப்படியானால் நான் புதன்கிழமை எழுதியது யாருக்கு? 'என் மகன் தகுதியற்றவன்' என்று எழுதியது... அதைப் படித்துவிட்டுத்தான் என்னைச் சாப்பிடச் சொன்னானா?

புகாரை மாற்றி எழுதுங்கள். காணாமல் போனவர் பெயர் வாகீசன், தகப்பன் பெயர் அம்பலவாணன். வயது இருபத்தொன்பது. உயரம்... உயரம் தெரியவில்லை அம்மா. அந்த விமானத்தின் வால் தரையிலிருந்து எத்தனை அடி என்று கேளுங்கள், சொல்வேன். என்ன சட்டை போட்டிருந்தான்? நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நண்பர்கள் பெயரா? ஒருவர் பெயரும் தெரியாது. கைபேசி வியாழனிலிருந்து அணைந்திருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். நான் முயன்று பார்க்கவில்லை. முயன்றிருந்தால் பேச வேண்டியிருக்கும். அம்மா, அவன் 'போறேன்' என்றான். 'வருகிறேன்' என்று சொல்லவில்லை. ஒன்பது நாள். எந்தக் கிணற்றை, எந்தத் தண்டவாளத்தை நான் போய்ப் பார்ப்பது?

வீட்டம்மா அழுதாளா என்றா கேட்கிறீர்கள்? அழவில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். என்னோடு மட்டும் பேசுவதில்லை. மாலை ஏழு மணிக்குக் கைபேசியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குச் சீரியல் பார்க்கப் போகிறாள். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி நன்றாகத்தான் ஓடுகிறது. அவள் எண் எதற்கு? அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவளுக்கு என்ன தெரியப்போகிறது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

எடுத்துவிட்டாளா? என்ன சொல்கிறாள்? ஏன் என்னிடம் நீட்டுகிறீர்கள்?

வடிவு... நான்தான். காவல் நிலையத்தில் இருக்கிறேன். வாகீசன் எங்கே?

...

அம்மா, உங்கள் தொலைபேசி. நன்றி. கீழே போட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

இருக்கிறான். கோயம்புத்தூரில் கூடப் படித்தவன் ஒருவன் வீட்டில். புது எண் வாங்கியிருக்கிறான். இரண்டு வேளையும் அவளோடு பேசுகிறான். ஒரு மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையத்தில் வேலைக்குக் கேட்டிருக்கிறானாம். திங்கட்கிழமைச் சோதனைக்குப் போகமாட்டானாம். "அப்பா நாலு மாசம் ஒழைச்சுக் கண்டுபிடிச்சது தப்பாயிருக்காதும்மா" என்றானாம். என்னோடு பேசச் சொல்லிக் கேட்டாளாம். "அவரு என்கூட பேசறதில்லம்மா" என்றானாம். நான் கேட்டேன், எல்லாம் தெரிந்தும் ஒன்பது நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை, வழிப்போக்கன் யார் என்று ஏன் சொல்லவில்லை என்று. என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

அந்தப் புகார்த் தாள் இனி உங்களுக்கு வேண்டாமே? கொடுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, போதும். பேனாவும் கொடுங்கள். எங்கள் அச்சகத்தில் புத்தகம் கட்டி முடித்த பிறகு பிழை கண்டால் கிழித்துப் போடமாட்டோம். தனித் தாளில் பிழைதிருத்தம் அச்சிட்டுக் கடைசியில் ஒட்டுவோம். இன்ன பக்கம், இன்ன வரி, பிழை இது, திருத்தம் இது என்று. ஒட்டுகிற தாள் சிறிது. ஆனால் அதை முதலில் படித்துவிட்டுத்தான் புத்தகத்துக்குள் போக வேண்டும்.

இல்லை, பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள் அம்மா. 'பக்கம் இருநூற்றுப் பதினொன்று, கடைசி வரி. என் மகன் என்று உள்ள இடத்தில் நான் என்று திருத்தி வாசிக்க.' அதற்குக் கீழே, 'புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு நானும் ஆர்ம்டு என்றேன். விளக்கு எரியவில்லை. நான் பார்க்கவில்லை.' அவ்வளவுதான். கையொப்பம் நான் இடுகிறேன். 'பார்த்தேன்' என்று எழுதமாட்டேன். பெயர் மட்டும்.

அவள் புது எண்ணைச் சொன்னாள். வேண்டாம், தொலைபேசியில் வேண்டாம். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? நேரே போகிறேன். வாசலில் நிற்கிறேன். உள்ளே விடுவானோ மாட்டானோ, தாளைக் கொடுத்துவிடலாம் அல்லவா. இன்று சனிக்கிழமை. சோதனை திங்கள் காலை. கோயம்புத்தூரிலிருந்து பெங்களூருக்கு அவன் கிளம்ப நாளை ஒரு பகல் இருக்கிறது.

அவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. நான்கு மாதம் ஆயிற்று. அங்கே மேகம் எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா?

கோயம்புத்தூர் பேருந்து எந்தப் பக்கம் நிற்கும் அம்மா?